ராத்தாவின் கண் ஏன் மூடவில்லை

செத்தவரின் மையத்தைக் குளிப்பாட்டிய இடத்தில் கண்டதை நீங்கள் வெளியே சொன்னீர்கள். அதுவும் ஒருவர் காதில் இல்லை. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண்கள் மஜ்லிஸில், மைக்கில் சொன்னீர்கள். அல்லாஹ் படைத்த முகத்தை மாற்றிய ஒரு பெருமைக்காரியின் கண்கள் மௌத்தான பிறகும் மூடவில்லை என்றீர்கள். மூன்று தரம் மூடினோம், மூன்று தரமும் திறந்தன என்றீர்கள். பெயர் சொல்லவில்லை என்று தப்பிக்க வேண்டாம். எங்கள் ஊரில் கண்ணிமைக்கு ஒப்பரேஷன் செய்த பெண் ஒருவர்தான். அவரை அடக்கி அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளம் தாய் வீட்டுக்குப் போய், தன் மூன்று வயது மகளின் கண் கிளினிக் கார்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தப் பிள்ளைக்கும் அதே விழுந்த இமைதான். ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். போகாவிட்டால் பிள்ளையின் இடது கண் வீணாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். செத்துப்போனவரின் மானத்துக்காக மட்டும் என்றால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அவரே அதை விரும்பியிருக்க மாட்டார்.

நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். கூடப்பிறந்த அக்கா இல்லை, அடுத்த வளவு. மாம்புரிப் பக்கத்துக் கடற்கரை வாடியில் அவர் மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைப்பார். அந்தக் கருவாட்டை நான் சிலாபம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பேன். பத்தொன்பது வருடம் அப்படி இருந்தோம். அவர் பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது பெயரில்லை.

அவரைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தெரிவது நாடி. எப்போதும் உயர்ந்தே இருக்கும். புருவம் இரண்டும் தலையில் போட்ட முந்தானைக்குக் கிட்ட ஏறி, நெற்றியில் நாலைந்து கோடு விழுந்திருக்கும். இரண்டு மேல் இமையும் பாதி இறங்கி, அடியால் கறுப்பு முழி கொஞ்சம் தெரியும். யாராவது கதைத்தால் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் அவர்களைப் பார்ப்பார். தெரியாதவர்களுக்கு அது எப்படி இருக்கும்? இவள் யார் எங்களைக் கீழே போட்டுப் பார்க்க என்றுதான் இருக்கும். அவரைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையின் உம்மா, "இவ்வளவு பெருமை எங்கட வீட்டுக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு, வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனாராம். ராத்தா இதைச் சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றிய கதை என்றால் சொல்வார். அடுத்தவர் கதைதான் அவர் வாயில் வராது.

வாடியில் ஒரு வள்ளக்காரன் நித்தமும் அவரைச் சீண்டுவான்.

"என்ன ராத்தா, வானத்துல மீன் ஓடுதா?"

"ஓம். உன்ட வலையில இரிக்கிறதவிடக் கூட."

"அப்ப அங்க போய் வெட்டுங்களேன்."

"நீ கரைக்குக் கொண்டு வா, வெட்டுறன். இண்டைக்கும் வெறும் கூடையத்தானே தூக்கிட்டு வந்தீ?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் தன் இமை ஏறாது, அதனால்தான் தலையை ஏற்றிப் பார்க்கிறேன் என்று அவர் ஒரு நாளும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. நான் ஒருதரம் கேட்டேன், ஏன் சொல்ல மாட்டீங்க என்று. "கேக்கிறவனுக்குச் சொல்லலாம். முடிவெடுத்திட்டு வாறவனுக்கு என்னத்தச் சொல்ற?" என்றார்.

மையத்துக் குளிப்பாட்டுவது அவருக்கு அவர் மாமியிடமிருந்து வந்தது. எங்கள் பகுதியில் பெண் மௌத்து என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காக ஒரு சீலைத்துண்டுகூட வாங்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு சட்டம். குளிப்பாட்டும் மறைப்புக்குள் வருகிறவர்களிடம் வாசலில் வைத்தே சொல்வார்: "செருப்போட சேர்த்து வாயையும் வெளிய வெச்சிட்டு வாங்க." உள்ளே யாரும் கதைக்கக்கூடாது. தண்ணீர் போதும், போதாது என்பதைக்கூட விரலால்தான் காட்டுவார். வெளியே வந்த பிறகும் உள்ளே கண்டதைப் பற்றிப் பேச்சில்லை. மையத்தின் குறையை மறைக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் சொல்லித் தந்தது. நீங்களும் இதே மஜ்லிஸில் ஒரு நாள் அதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினீர்கள். நன்றாகப் பேசினீர்கள். நான் அழுதேன். உங்களை மட்டம் தட்ட நான் எழுதவில்லை. வெள்ளம் வந்தபோது வீடு வீடாக அரிசி சேர்த்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

ஒரு பெரிய வீட்டுக் கிழவி மௌத்தானார். ஒன்றரை வருடம் பாயில் கிடந்தவர். கூட இருந்து பார்த்தவள் சின்ன மருமகள். குளிப்பாட்டி முடித்து ராத்தா கைகழுவ வெளியே வந்ததும் பெரிய மருமகள் ஓடி வந்தார்.

"ராத்தா, மாமிட முதுகுல புண் இரிந்திச்சா?"

"தண்ணி ஊத்தினன்."

"அதில்ல, படுக்கைப் புண். நல்லாப் பாத்தாளா அவள், இல்லையா?"

"துடைச்சன். கபன் சீலை போட்டன்."

"நான் கேக்கிறது உங்களுக்கு விளங்கல்லையா?"

"விளங்குது. அதான் சொல்றன், தண்ணி ஊத்தினன்."

நான் உள்ளே வாளி பிடித்தவள். எனக்குத் தெரியும் முதுகு எப்படி இருந்தது என்று. நானும் சொல்ல மாட்டேன். முகத்தை முதலே பெருமை என்பார்கள். அந்தப் பெரிய மருமகள்தான் வாயையும் சேர்த்து, "முகத்திலயும் பெருமை, வாயிலயும் பெருமை" என்று கதையைக் கிளப்பினார். அதற்குப் பிறகு ஊரில் அது ஒட்டிக்கொண்டது. தலையை உயர்த்துகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள் இல்லை. இரண்டையும் கூட்டிப் பெருமை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு சின்னப் பிள்ளை, கல்யாணம் முடித்து இரண்டு வருடம், திடீரென்று மௌத்தானாள். புருஷன் அடிப்பான் என்று ஊருக்கே தெரியும். அன்று நான் சிலாபத்தில். ராத்தாதான் குளிப்பாட்டினார். வந்து கேட்டேன்.

"உடம்புல அடி இரிந்திச்சா, ராத்தா?"

"தண்ணி ஊத்தினன்."

"ராத்தா! இது படுக்கைப் புண் இல்ல. ஒருத்தன் கொலை செஞ்சிருந்தா?"

"சத்தம் போடாத. சொல்ல வேண்டிய ஆள் நீயில்ல."

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. கருவாட்டை எடுக்கக்கூட ஆள் அனுப்பித்தான் எடுத்தேன். பிறகு அந்தப் பிள்ளையின் வாப்பா பொலிஸுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ராத்தா சொல்லித்தான் போனாரா, தானாகப் போனாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்த விசயத்தில் எனக்கு அவரில் இன்னும் கோபம் இருக்கிறது. வாயைப் பூட்டுவதற்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, அவர் அதற்கு இந்தப் பக்கம் நின்றாரா அந்தப் பக்கம் நின்றாரா என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இனி கண்ணுக்கு வருகிறேன்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மையத்து. பகல் முழுக்க வாடியில் வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தார். கடைசித் தண்ணீரை ஊற்றி முடித்து, துணி எடுக்கக் கையை நீட்டினார். மையத்தின் காதுக்குப் பின்னால் கழுத்தில் ஒரு கை அகலம் காய்ந்து கிடந்ததை நான் கண்டேன். கதைக்கக்கூடாது. அவருடைய முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணை இடுக்கி, பிறகு தலையைப் பின்னால் எறிந்து பார்த்தார். அப்போதும் காணவில்லை. கையால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். தொடக்கத்திலிருந்து திருப்பிக் குளிப்பாட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "பின்னேரம் ஆனா நெத்தி களைச்சிப் போகுது. இமை விழுந்திடுது. நான் காணல்ல."

"நான்தானே கண்டன். விடுங்க."

"நீ இல்லாத நாளைக்கு? மையத்துக்கு வாய் இல்ல புள்ள. என்ட காது நனையல்ல எண்டு சொல்ல அதுக்கு ஏலாது."

அந்தக் கிழமையே என்னிடம் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட வா என்றார். அழகுக்குப் போகவில்லை. பெருமைக்குப் போகவில்லை. ஒரு மையத்தின் காதுக்குப் பின்னால் தண்ணீர் படவில்லை என்பதற்காகப் போனார். போவதற்கு முன் பள்ளிவாசல் ஹஸரத்திடம் மகனை அனுப்பிக் கேட்டார். பார்வைக்காகச் செய்யலாம் என்று அவர் சொன்னார். இதையும் நீங்கள் விசாரிக்கவில்லை.

புத்தளம் போய், அங்கிருந்து கடிதம் தந்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்; சந்தை தந்த சிங்களம். அதனால் நான் கூடப் போனேன். முந்தல் தாண்டி இறால் பண்ணைகளைக் கண்டபோதுதான் அவர் ஒரு வார்த்தை கதைத்தார்: "இறாலுக்கு இமையே இல்ல, பாத்தியா? அது நிம்மதி."

டொக்டர் ஒரு சின்னப் பெண். ராத்தாவைக் கதிரையில் இருத்தி, புருவத்தின் மேல் பெருவிரலை வைத்து நெற்றி அசையாமல் அழுத்தினார். மறு கையில் சின்ன அடிமட்டம். "பஹல பலன்ன, அக்கே" என்றார். கீழே பாருங்கள் என்று நான் சொன்னேன். பிறகு மேலே பார்க்கச் சொன்னார். நெற்றியின் உதவி இல்லாமல் இமை தானாக எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். சாதாரண ஆளுக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றராவது ஏறுமாம். ராத்தாவின் வலது இமை மூன்று ஏறியது. இடது இமை இரண்டு. ஊர் நாற்பது வருடமாகப் பெருமை என்று சொன்னதெல்லாம் ஏறாமல் போன அந்தச் சில மில்லிமீற்றர்தான்.

எனக்கு விளங்கவில்லை என்றதும் டொக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் இமையைப் பக்கவாட்டில் கீறிக் காட்டினார். மேலே தோல், உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதானாம். அதற்குக் கீழே கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை. கண்ணை மூடுவது அது. அதற்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கொஞ்சம் மஞ்சள் கொழுப்பு. வெட்டிக்கொண்டு போகும்போது கொழுப்பைக் கண்டால் தனக்கு நிம்மதி, அதற்கு நேர் பின்னால்தான் தேடுகிற தசை இருக்கும் என்றார். அது இமையைத் தூக்குகிற தசை. கண்குழியின் அடி ஆழத்தில் புறப்பட்டு, கண் உருண்டைக்கு மேலால் வந்து, முன்பக்கத்தில் தோல்போல விரிந்து, இமைக்குள் இருக்கும் கெட்டித் தட்டில் போய்ப் பிடிக்கிறது. அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று காட்ட டொக்டர் தன் காது மடலை மடித்துக் காட்டினார்.

வாடியில் நாங்கள் தென்னோலையில் பின்னிய கிடுகுத் தட்டியைக் கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டுவோம். அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. டொக்டரிடம் சொன்னேன், அதேதான் என்றார். வயதானவர்களுக்கு இமை விழுந்தால் பெரும்பாலும் கயிறு நன்றாக இருக்கும். தட்டியில் கட்டிய இடம் கழன்றிருக்கும். இழுத்துத் திருப்பித் தைத்தால் சரி. ராத்தாவுக்குக் கயிறே பிழை. அந்தத் தசை பிறக்கும்போதே தசையாக வளராமல் பாதி நாரும் கொழுப்புமாக இருக்கிறது. அதற்கு இழுக்கவும் தெரியாது, தளர்ந்து கொடுக்கவும் தெரியாது. அதனால்தான் சின்ன வயதிலிருந்தே அவர் நித்திரையில் கண் கொஞ்சம் திறந்து கிடந்தது. இதை நன்றாகக் கேளுங்கள். ஒப்பரேஷனுக்கு முன்னாலும் அவர் கண் முழுதாக மூடியதில்லை.

தோலை வெட்டிக் குறைத்தால் இது சரிவராது என்றார் டொக்டர். அந்தத் தசையைச் சுருக்கித் தைத்தும் பெரிதாகப் பயனில்லை. ராத்தா ஏற்கெனவே நெற்றியால்தான் இமையைத் தூக்கிக்கொண்டிருந்தார். இனி இமையை நேராகவே நெற்றித் தசையில் கட்டிவிட வேண்டும். கட்டுவதற்கு அவருடைய தொடையிலிருந்தே ஒரு நார்ப்பட்டை எடுத்து, புருவத்திலிருந்து இமைத் தட்டுவரை தோலுக்கடியால் கோத்துவிடுவார்கள்.

குளிப்பாட்டும்போது முழங்காலுக்கு மேலே, தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு தழும்பு கண்டீர்களே, அது இதுதான். "தொடையிலயும் என்னமோ வெட்டுக் காயமாம்" என்று மஜ்லிஸுக்குப் பிறகு பெண்கள் கிசுகிசுத்தார்கள். இந்தத் தழும்பை எழுதுவதற்கு முன் அவருடைய மகளிடம் கேட்டேன். "எழுதுங்க சாச்சி. உம்மா இரிந்தா எழுத விட மாட்டாங்க. ஆனா இப்ப எழுதுங்க" என்றாள். ராத்தா மறைத்ததை அவருக்காகவே நான் திறக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நீங்கள்தான் காரணம்.

டொக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். கண் திறக்கும், ஆனால் முழுதாக மூடாது. நித்திரையில் இடைவெளி முன்னையைவிடக் கொஞ்சம் கூடும். காய்ந்தால் கறுப்பு முழியில் புண் வரும். அதனால் ஒவ்வொரு நாளும் படுக்கும்போது களிம்பு போட வேண்டும்.

ராத்தா என்னிடம் கேட்டார்: "மௌத்தானா?"

"என்ன கேள்வி ராத்தா இது?"

"கேளு அவட்ட. மௌத்தானா மூடுமா?"

நான் கேட்டேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். இப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். யோசித்துவிட்டு, உடம்பு தளர்ந்தாலும் பட்டை இமையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் திறந்தே கிடக்கலாம் என்றார்.

ராத்தா தலையை ஆட்டினார். "சரி. அது குளிப்பாட்டுறவட பொறுப்பு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

குளிப்பாட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் போட்டார். நாற்பது மையத்துக்குமேல் அவர் மறைத்துக் கொடுத்தவர். தனக்கும் ஒருவர் அப்படிச் செய்வார் என்று நினைத்தார்.

ஒப்பரேஷனைப் பற்றிக் கேட்டால், "படுத்தன், எழும்பினன்" என்பதோடு சரி. வீக்கம் வடிந்த பிறகு நாடி இறங்கியது. நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஆட்களை நேருக்கு நேர் பார்த்தார். அந்த வள்ளக்காரன் ஒரு நாள், "ராத்தா, இப்ப நீங்க பாக்கிற பார்வைக்கு முந்தினதே நல்லம், பயமா இரிக்கி" என்றான். கழுத்து வலி போனது. பின்னேரத்திலும் ஒரு காய்ந்த இடம் தப்பாது. ஆனால் இடது கண்ணில் பார்வை வரவில்லை. விரல் எண்ணலாம், அவ்வளவுதான். சின்ன வயதில் இமை முழியை மறைத்துக் கிடந்தால் அந்தக் கண்ணால் பார்க்க மூளை படிக்காதாம். பிறகு இமையைத் தூக்கினாலும் பிந்திவிடும். அதற்கு அவர் அழவில்லை. "ஒண்டு காணும்" என்றார்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் பிள்ளை நாடியை உயர்த்திக்கொண்டு ஓடியது. யாரோ, "பாருங்க, ராணி மாதிரி" என்று சிரித்தார்கள். ராத்தா சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டை விட்டு எழும்பிவிட்டார். கையைக்கூடக் கழுவாமல் அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய்க் குந்தினார். பிறகு பிள்ளையின் உம்மாவை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் கதைத்தார். தன் இமையைத் தூக்கிக் காட்டினார், புருவத்துத் தழும்பைக் காட்டினார். ஊரில் ஒருவருக்கும் விளக்கம் சொல்லாத மனுஷி அன்று அந்தத் தாய்க்கு எல்லாவற்றையும் சொன்னார். "எனக்கு இடது கண் போனது பிந்தினதாலதான். நீ பிந்தாத" என்றார். அந்தத் தாயோடு கிளினிக்குக்கு மூன்று தரம் போனார். திகதி எடுத்துக் கொடுத்தார். அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிற கார்டில் இருப்பது அந்தத் திகதிதான்.

நோன்புக்கு முன் அவர் மௌத்தானார். நெஞ்சில் நோவு, ஒரே நாள்.

குளிப்பாட்ட நாங்கள் மூன்று பேர். நீங்கள், நான், அவருடைய மகள். மகள் துணி பிடித்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன், நீங்கள் கழுவினீர்கள். பொறுமையாகவும் நன்றாகவும் கழுவினீர்கள். இமையை மூடினீர்கள், திறந்தது. திருப்பி மூடினீர்கள். மூன்றாம் தரம் திறந்தபோது என் முகத்தைப் பார்த்தீர்கள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். இமையில் பட்டை கட்டியிருக்கிறது, அது அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வசனம். ராத்தாவின் மையத்துக்கு முன்னாலேயே ராத்தாவின் சட்டத்தை மீற எனக்கு மனம் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். வெளியே வந்த பிறகு அழுகையில் மறந்தேபோனேன். என் பிழை அது. நான் அதை இங்கே, எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன். என்னைக் கேட்டிருக்கலாம் என்பது உங்கள் பிழை. பக்கத்து வீடு நான். கிட்டத்தட்டப் பத்து நாள் இருந்தது.

மஜ்லிஸ் முடிந்த மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள். கடைசியில், "நான் ஆர்ட பேரையும் சொல்லல்லையே" என்றீர்கள். அதோடு தேத்தண்ணி வந்தது.

பிறகு நான் கனமூலைக்குப் போனேன். அந்த இளம் தாய் பிள்ளையோடு அங்கேயுள்ள தன் உம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை முற்றத்தில் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. டொக்டர் கீறியது போலவே நான் கீறிக் காட்டினேன். கிடுகுத் தட்டிக் கதையையும் சொன்னேன். ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

"நீங்க சொல்றது விளங்குது சாச்சி. ஆனா என்ட புள்ளயும் நாளைக்குக் கண் மூடாம மௌத்தாப் போய், ஊர் அப்படிக் கதைச்சா?"

"கண் மூடாததுக்கும் பாவத்துக்கும் சம்பந்தம் இல்ல புள்ள. அது கட்டின பட்டை."

"நீங்க என்ட வீட்டுல வந்து சொல்றீங்க. அவங்க மைக்குல சொன்னாங்க. என்ட மாமிட காதுலயும் விழுந்திச்சி, மாப்புளட காதுலயும் விழுந்திச்சி. அவங்கட வாயால மாத்திச் சொன்னா, நான் நாளைக்கே கார்டை எடுக்கிறன். மாமியும் தடுக்க மாட்டா."

அந்தப் பெண்ணில் பிழை இல்லை. மைக்கில் போன பேச்சை ஒரு கருவாட்டுக்காரி வீட்டுக்கு வந்து அழிக்க முடியாது. உங்கள் வீட்டில் நீங்கள் என்னிடம் தலையாட்டியதாலும் அழியாது. அதனால்தான் இனி உங்களிடம் தனியாகக் கதைக்க நான் வரமாட்டேன்.

பிள்ளையின் திகதிக்கு முன் இன்னும் மூன்று வியாழக்கிழமைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில், அதே மஜ்லிஸில், அதே பெண்களுக்கு முன்னால், மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ராத்தாவைப் புகழச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம். அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். அந்தக் கண் ஏன் மூடவில்லை என்று அன்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், "எனக்குத் தெரியாமல் பேசிவிட்டேன், பிள்ளையைக் கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். தெரியும் என்றால், அதையும் அங்கேயே சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். அந்தத் தாயையும் அவர் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்துவேன். சொல்லுங்கள்.